மிகத் தாழ் அதிர்வெண் வளைய ஆன்டெனா: 50 சுற்றுச் சுற்றியும் ஹம் மட்டுமே வருகிறது

செம்புச்சுருள்:

அனைவருக்கும் வணக்கம். சூரிய வெடிப்பு நிகழும்போது அயனிமண்டலத்தின் அடிப்பகுதி திடீரென்று மாறுகிறது என்றும், நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 15 முதல் 25 கிலோஹெர்ட்ஸ் வரையில் இடைவிடாது அனுப்பப்படும் அலைகளின் வலிமையைப் பதிவுசெய்துவந்தால் அந்த மாற்றத்தை வீட்டிலிருந்தே கவனிக்கலாம் என்றும் படித்துவிட்டு, ஒரு வளைய ஆன்டெனாவைச் செய்து முடித்திருக்கிறேன். இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காகப் பிணைத்து, பக்கம் 1 மீட்டர் உள்ள சதுரமாக, 0.5 மி.மீ. விட்டமுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியை 50 சுற்றுச் சுற்றியுள்ளேன். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே 10 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. அங்கிருந்து 5 மீட்டர் ஷீல்டு கேபிள் நேராக மடிக்கணினியின் மைக் துளைக்குச் செல்கிறது. மாதிரியெடுப்பு வேகம் நொடிக்கு 48,000.

ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் படத்தில்) வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் அதன் மடங்குகளும் வரிசையாகப் பளிச்சென்று தெரிகின்றன. 16 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே தடித்த பட்டை ஒன்று நிலையில்லாமல் மேலும் கீழும் நெளிகிறது. நான் எதிர்பார்த்த நிலையங்கள் இருக்க வேண்டிய 18.2, 19.8 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் ஒன்றுமே இல்லை. 20 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 15 கிலோமீட்டர் என்னும்போது 1 மீட்டர் வளையம் மிகச் சிறிதாகிவிட்டதா? 100 சுற்றாக உயர்த்துவதா, பக்கத்தை 2 மீட்டராக்குவதா, அல்லது வளையத்தை விட்டுவிட்டு நெடுங்கம்பி ஒன்றை உயரத்தில் கட்டுவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஅலை:

உங்கள் வளையம் சிறிதன்று. அதன் மேல் ஐயப்படுவதை நிறுத்திவிட்டு மைக் துளையைக் கவனியுங்கள்; சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவைப் பற்றிய கவலையைத் தீர்த்துக்கொள்வோம். அலையை அனுப்புகிறவருக்கு ஆன்டெனாவின் திறன் உயிர்நாடி. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப்பில் 19.8 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நிலையம் 387 மீட்டர் உயரமுள்ள நடுக் கோபுரத்தையும் அதைச் சூழ்ந்து மேலும் 12 கோபுரங்களையும் வைத்துக்கொண்டு, 1 மெகாவாட் அளவில் அனுப்ப வேண்டியிருக்கிறது. வாங்குகிறவரின் நிலை வேறு. உலகெங்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 45 மின்னல்கள் வெட்டுகின்றன. அவை ஒவ்வொன்றின் ஆற்றலும் இந்த அதிர்வெண் பட்டையில்தான் கொட்டுகிறது. ஆகவே வானிலிருந்து வரும் இரைச்சல், சிறிய வளையத்துக்குள்ளேயே தோன்றும் வெப்ப இரைச்சலைவிடப் பல மடங்கு மிகுதியாக இருக்கிறது. வளையத்தை இரு மடங்காக்கினால் நிலையத்தின் அலையும் வான இரைச்சலும் சேர்ந்தே இரு மடங்காகும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் நின்ற இடத்திலேயே நிற்கும். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசுவதைக் கேட்பதற்குக் காதைப் பெரிதாக்கிப் பயனில்லை.

இனி உங்கள் சுருளின் கணக்கு. வளையத்தின் பயனுறு உயரம் என்பது சுற்று எண்ணிக்கையையும் பரப்பையும் பெருக்கி, 6.28-ஆல் மீண்டும் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது. 50 சுற்று, 1 சதுர மீட்டர், 15,000 மீட்டர் என்று போட்டால் 21 மி.மீ. வருகிறது. நிலையத்தின் புலம் மீட்டருக்கு 1 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால் சுருளில் தூண்டப்படுவது 21 மைக்ரோவோல்ட். கம்பிக்கற்றையின் ஆரம் 1 செ.மீ. என்று கொண்டால், சுருளின் மின்தூண்டல் எண் 7.7 மில்லிஹென்றி அளவில் இருக்கும். 20 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 960 ஓம். 200 மீட்டர் கம்பியின் மின்தடை 17.5 ஓம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தரக்காரணி (சுருளும் மின்தேக்கியும் இசைந்து அலையும் ஒத்ததிர்வில் மின்னழுத்தம் எத்தனை மடங்கு உயரும் என்பது) 55. அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று பாதிப்பதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும் என்பதால் 50 என்றே கொள்வோம். அதாவது, ஒத்ததிர்வில் அந்த 21 மைக்ரோவோல்ட், 1 மில்லிவோல்ட்டாக உயர்ந்து நிற்க வேண்டும். எந்தச் சவுண்டு கார்டும் அதை எளிதாகக் காட்டும்.

அப்படி உயர்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒத்ததிர்வில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து 48 கிலோஓம் மின்மறுப்புள்ள மூலமாகத் தெரிகின்றன. அதன் தலையில் 2 கிலோஓம் அளவுள்ள மைக் உள்ளீட்டைக் கட்டினால் தரக்காரணி 50-லிருந்து 2-க்கு விழுந்துவிடும். 1 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 40 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். அலைத்தெரிவு என்பதே அங்கு இராது. போதாக்குறைக்கு, மைக்குக்காக அந்தத் துளையில் தரப்படும் சிறு நேர்மின்னழுத்தம் உங்கள் 17 ஓம் சுருளின் வழியே குறுக்குச்சுற்றாகிக்கொண்டிருக்கிறது. அதனால் எதுவும் கெட்டுவிடாது, ஆயினும் அதைத் தடுக்க 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக வைப்பது ஒழுங்கு.

தீர்வு இரண்டு வகை. உதிரிப் பாகம் எதுவும் வாங்காமல் செய்ய விரும்பினால், முதன்மைச் சுருளின் மேலேயே தனியாக 10 சுற்றுச் சுற்றி, அதன் முனைகளை மட்டும் கேபிளில் இணையுங்கள். 5-க்கு 1 என்ற விகிதத்தால் 48 கிலோஓம் 2 கிலோஓமுக்குச் சற்றுக் கீழே இறங்கி, மைக் உள்ளீட்டுடன் பொருந்திவிடும். தரக்காரணி பாதியாகும், கிடைக்கும் மின்னழுத்தம் 100 மைக்ரோவோல்ட்டை நெருங்கும். சற்று மெனக்கெடுவீர்கள் என்றால் சுருளின் அடியிலேயே டிஎல்071 போன்ற ஜேஃபெட் (மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும் டிரான்சிஸ்டர்) உள்ளீடுள்ள ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கிச் சில்லு ஒன்றை வைத்து, 10 அல்லது 20 மடங்கு பெருக்கி, அதன் பிறகு கேபிளில் விடுங்கள். ஆப்-ஆம்பின் இரைச்சலைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. 48 கிலோஓமின் வெப்ப இரைச்சலே அதைவிட மிகுதி. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் அது கேபிளின் தொல்லையையும் சேர்த்தே தீர்க்கிறது. ஷீல்டு கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு. உங்கள் 5 மீட்டர், 10 நானோஃபாரட்டோடு மேலும் அரை நானோஃபாரட்டைச் சேர்க்கிறது. 18.2 கிலோஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய உச்சம் அதனால் 17.75-க்கு நகர்ந்துவிடும். தரக்காரணி 50 உள்ள சுருளின் பட்டை அகலம் 400 ஹெர்ட்ஸுக்குள் என்பதால், இந்தச் சிறு நகர்வே நிலையத்தை வெளியே தள்ளிவிடப் போதும்.

மின்தேக்கியையும் மாற்றுங்கள். சாதாரண செராமிக் வகைகளில் அச்சிட்ட மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் இடையே 20 விழுக்காடு வரை வேறுபாடு இருக்கலாம். அதைவிட மோசம், வெப்பநிலை மாறும்போது மதிப்பும் மாறும். காலையில் ஏறி மாலையில் இறங்கும் வெப்பத்துக்கேற்ப உச்சம் நகர்ந்து, அயனிமண்டலம் வரைந்தது போன்ற அழகான ஒரு வளைகோட்டை உங்கள் மின்தேக்கியே வரைந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன் மின்தேக்கி போடுங்கள். 18.2-க்கு மொத்தம் 10 நானோஃபாரட்டும், 19.8-க்கு 8.4 நானோஃபாரட்டும் கணக்கில் வருகின்றன. சுருளின் உள் மின்தேக்குத்திறனும் இதில் அடக்கம் என்பதால் சற்றுக் குறைவாகத் தொடங்கிச் சிறுசிறு மின்தேக்கிகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

100 சுற்றைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். மின்தூண்டல் எண் 4 மடங்காகும், தேவைப்படும் மின்தேக்கி 2.5 நானோஃபாரட்டாகச் சுருங்கும், அதில் சுருளின் உள் மின்தேக்குத்திறனே கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். பிறகு கம்பி சற்று ஈரமானாலும் உச்சம் நகரும்.

மௌனவெளி:

நெடுஅலை அவர்களின் கணக்கோடு எனக்கு வேறுபாடில்லை, வரிசையோடுதான் வேறுபாடு. பெருக்கியைக் கட்டுவதற்கு முன், இப்போது தெரிவது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். இல்லாவிட்டால் தொல்லையையும் 20 மடங்கு பெருக்கிக்கொண்டிருப்போம்.

கேபிளைச் சுருளிலிருந்து கழற்றி, அதன் முனையில் உள்ளும் புறமும் உள்ள இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு ஸ்பெக்ட்ரோகிராமைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் வரிசை அப்படியே இருந்தால் அது ஆன்டெனா வாங்கியதன்று. கணினியின் சார்ஜர் வழியாகத் தரையிணைப்பில் புகுந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் அடங்க வேண்டும். ஒழுங்காக ஒத்ததிர்வில் இருக்கும் வளையத்திலிருந்து அவ்வளவு ஹம் வருவதற்கே காரணமில்லை, ஏனென்றால் தூண்டப்படும் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்தில் குறைகிறது; அதற்கு மேல் ஒத்ததிர்வின் உயர்வும் அங்கே கிடையாது. நீங்கள் விவரித்த படத்தைப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட தொல்லை கேபிளின் மறுமுனையில் பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

16 கிலோஹெர்ட்ஸ் அருகே நெளியும் பட்டை வேறு சாதி. ஒரே இடத்தில் நிற்காமல் சுமைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அலைவது எஸ்எம்பிஎஸ் என்னும், மின்னோட்டத்தை வேகமாக விட்டு விட்டுத் தரும் மின்வழங்கிகளின் குணம். கைபேசி சார்ஜர், எல்இடி விளக்கின் ஓட்டுநர் சுற்று, சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர், மாறுவேக மோட்டார் உள்ள குளிர்பதனி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். வீட்டின் முதன்மைச் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் கணினியில் பட்டை மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் உங்கள் வீட்டுப் பொருள். மறையாவிட்டால் பக்கத்து வீட்டுப் பொருள்.

பக்கத்து வீட்டுப் பொருளாக இருந்தாலும் வளையத்திடம் ஒரு வித்தை இருக்கிறது. செங்குத்தாக நிறுத்திய வளையம், தன் தளம் நீளும் இரு திசைகளிலிருந்தும் வரும் அலையை முழுமையாக வாங்கும். தளத்துக்குச் செங்குத்தான திசையிலிருந்து வருவதை ஏறத்தாழ அறவே ஒதுக்கும். வாங்கும் திசை அகலமானது, 30 பாகை திருப்பினாலும் 13 விழுக்காடுதான் குறையும். ஒதுக்கும் திசையோ ஊசிமுனை போல் கூர்மையானது. எனவே நிலையத்தை நோக்கித் திருப்புவதில் மெனக்கெடாமல், தொல்லை எந்த நிலையில் மறைகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். இரண்டும் ஒரே கோட்டில் அமைந்தால் ஒழிய நிலையம் தப்பித்துக்கொள்ளும். சுருளைச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். சுவருக்குள் ஓடும் மின்கம்பி, சாளரத்தின் இரும்புக் கம்பி, இரும்பு அலமாரி எல்லாமே கெடுக்கும். தொல்லை தரும் கருவிகளின் அண்மைக் காந்தப்புலம் தொலைவின் மும்மடியில் தேய்கிறது என்பதால், 2 மீட்டரில் இருந்த சுருளை 4 மீட்டருக்கு நகர்த்தினாலே அந்த இரைச்சல் எட்டில் ஒரு பங்காகிவிடும். எந்தப் பெருக்கியாலும் கிடைக்காத ஆதாயம் இது.

நெடுங்கம்பி வேண்டாம். அது மின்புலத்தை வாங்குவது; வீட்டுக்குள்ளும் வீட்டை ஒட்டியும் மின்புல இரைச்சல்தான் மிகக் கொடியது.

செம்புச்சுருள்:

இருவருக்கும் மிக்க நன்றி. கேபிள் முனையை முறுக்கிப் பார்த்தபோது 50 ஹெர்ட்ஸ் வரிசை அசையாமல் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நெளியும் பட்டை படிக்கும் மேசையின் எல்இடி விளக்கிலிருந்து வந்தது. டிஎல்071-ஐ 9 வோல்ட் பேட்டரியில் கட்டிச் சுருளின் அடியில் வைத்து, பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிகளால் 19.8-க்கு இணைத்த பிறகு, அந்த இடத்தில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு தெளிவான கோடு இப்போது நிற்கிறது. அதன் இருபுறமும் இரைச்சல் மட்டம் மேடாக எழும்பியிருப்பதையும் காண்கிறேன். அது கோளாறா?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. 24 கிலோஹெர்ட்ஸில் உள்ள நிலையத்துக்கு இதே அமைப்பை மாற்றினால் எதுவும் தெரியவில்லை. மேலும், மின்னல்களால் உண்டாகும் சீழ்க்கை ஒலிகளையும் இதே வளையத்தால் கேட்க இயலுமா என்று அறிய விரும்புகிறேன்.

விடியலோசை:

மேடு கோளாறன்று, அதுதான் உங்கள் ஆன்டெனா வேலை செய்வதற்கான சான்று. வான இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருப்பதால், சுருள் தன் ஒத்ததிர்வு வளைவை அந்த இரைச்சலின் மேல் தானே வரைந்து காட்டுகிறது. மேட்டின் முகடு 19.8-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் வேறு அளவுக் கருவி தேவையில்லை. மின்தேக்கியைக் கழற்றினால் மேடும் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது சவுண்டு கார்டின் சொந்தச் சரக்கு.

24 கிலோஹெர்ட்ஸ் தெரியாததற்கு ஆன்டெனா காரணமன்று. நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸே எல்லை. அமெரிக்காவின் கட்லர் நிலையம் அந்த எல்லையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எல்லைக்குச் சற்று முன்பே சவுண்டு கார்டின் வடிகட்டி வெட்டத் தொடங்கிவிடுவதால், ஜெர்மனியின் 23.4-உம் மங்கித்தான் தெரியும். 96,000-ஐ உண்மையாகவே தாங்கும் சவுண்டு கார்டு தேவை. சில கார்டுகள் 96,000 என்று எழுதிக் காட்டினாலும் உள்ளே 20 கிலோஹெர்ட்ஸிலேயே வடிகட்டிவிடுகின்றன; இரைச்சல் மட்டம் எந்த இடத்தில் சட்டென்று சரிகிறது என்பதைப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

சீழ்க்கைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இயற்கை ஒலிகளில் பெரும்பாலானவை சில நூறு ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை பரந்து கிடப்பதால், ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக நிற்கும் ஒத்ததிர்வு வளையம் அதற்கு உதவாது. ஆனால் அதே சுருளை, ஒரு கம்பியையும் மாற்றாமல், வேறு விதமாகப் பயன்படுத்தலாம். மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, சுருளின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையை ஆப்-ஆம்பின் எதிர் உள்ளீட்டிலும் இணைத்து, வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு 10 கிலோஓம் பின்னூட்டம் கொடுங்கள். இப்போது சுருள் ஏறத்தாழ குறுக்குச்சுற்றில் இருக்கிறது. அதிர்வெண் உயர உயரத் தூண்டப்படும் மின்னழுத்தம் எந்த அளவு ஏறுகிறதோ, அதே அளவு சுருளின் மின்மறுப்பும் ஏறுவதால், ஓடும் மின்னோட்டம் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறாது. உங்கள் சுருளின் 17.5 ஓமையும் 7.7 மில்லிஹென்றியையும் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 360 ஹெர்ட்ஸுக்கு மேல் தட்டையான வாங்குதிறன் கிடைக்கும். அதற்குக் கீழே தானாகவே சரிவதால் 50 ஹெர்ட்ஸ் 7-இல் ஒரு பங்காகத் தணிந்தே வரும். இந்த அமைப்பில் மட்டும் ஆப்-ஆம்பின் இரைச்சல் முக்கியம், ஆகவே டிஎல்071-க்குப் பதில் என்இ5534 போடுங்கள். நேர்மின்னோட்டப் பிழை பெருகாதிருக்கச் சுருளுக்குத் தொடராக 100 மைக்ரோஃபாரட் வையுங்கள்.

கேட்கத் தொடங்கியதும் முதலில் காதில் விழுவது எண்ணெய்யில் கடுகு வெடிப்பதை ஒத்த படபடப்பு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வெட்டிய மின்னல்கள் அவை. இருட்டிய பிறகு அவற்றில் பலவற்றுக்கு 'டியூ' என்று சறுக்கும் வால் முளைக்கும். ஸ்பெக்ட்ரோகிராமில் அந்த வால் வளைந்து வந்து 1.7 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே கிடையாகப் படிந்து நிற்பதைக் காணலாம். தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் இடையிலான வெளி ஓர் அலைவழிகாட்டியாகச் செயல்படுவதால், அதன் உயரத்தில் அரை அலைநீளம் அடங்காத அதிர்வெண்கள் அந்த வகையில் பயணிக்க இயலாது. அந்த எல்லைதான் 1.7 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை 1.7 கிலோஹெர்ட்ஸின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள், 88 கிலோமீட்டர் வரும். மரச்சட்டத்தில் சுற்றிய கம்பியைக் கொண்டு, அந்த இரவில் அயனிமண்டலத்தின் அடித்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்துவிட்டீர்கள்.

சீழ்க்கை இவற்றிலிருந்து வேறானது. மின்னலின் அலையில் ஒரு பகுதி அயனிமண்டலத்தைத் துளைத்து வெளியேறி, புவியின் காந்தப்புலக் கோட்டைப் பற்றிக்கொண்டு மறு அரைக்கோளம் வரை செல்கிறது. வழியிலுள்ள பிளாஸ்மாவில் உயர் அதிர்வெண் விரைவாகவும் தாழ் அதிர்வெண் மெதுவாகவும் செல்வதால், சட்டென்று வெட்டிய மின்னல் ஓரிரு நொடி நீளும் இறங்குசுரமாக வந்து சேர்கிறது. முதல் உலகப் போரில் தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்ட கருவிகளில் ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹௌசன் இதைக் கேட்டார். காரணத்தை 1953-இல் ஆய்வாளர் ஸ்டோரி விளக்கினார். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்: காந்த நடுக்கோட்டுக்கு அருகே புலக்கோடுகள் தாழ்வாகக் கிடப்பதால் அங்கே சீழ்க்கை மிக அரிது; இடைநிலைக் காந்த அகலாங்குகளில்தான் அது நிறையக் கிடைக்கும். நடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்கள் இரவு நேர வால் ஒலிகளோடு மனநிறைவு கொள்ள வேண்டும்.

மௌனவெளி அவர்கள் நெடுங்கம்பியை அறவே ஒதுக்கியதை ஏற்க இயலவில்லை. வீட்டில் அது தொல்லை என்பது சரி. மின்கம்பிகளிலிருந்து விலகிய வெட்டவெளிக்குச் செல்ல வாய்ப்புள்ளவருக்கு 1 மீட்டர் நெட்டுக்குத்துக் கம்பியும் ஒரு ஜேஃபெட்டும் போதும். கையில் தூக்கிச் செல்லலாம். அத்தகைய கம்பியின் மின்தேக்குத்திறன் 10 பிகோஃபாரட் அளவே என்பதால் 10 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 1.6 மெகாஓம் ஆகிறது. எனவே உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓமாவது இருக்க வேண்டும், ஜேஃபெட் கம்பியின் அடியிலேயே இருக்க வேண்டும், அருகில் மரம்கூட இருக்கக் கூடாது. பச்சை மரம் மின்புலத்தை மறைக்கும். வளையத்துக்கு அந்தக் கவலையில்லை.

நெடுஅலை:

வெட்டவெளியைப் பற்றி விடியலோசை சொன்னது சரி. செம்புச்சுருள் அவர்கள் தொடங்கிய நோக்கம் சூரிய வெடிப்பு என்பதால் பதிவு செய்வதைப் பற்றிச் சில சொற்கள்.

நிலையங்கள் அனுப்பும் செய்திகள் மறைகுறியாக்கப்பட்டவை. அவற்றை அவிழ்க்க முயல்வது நம் வேலையன்று, தேவையுமில்லை. நமக்கு வேண்டியது வலிமை மட்டும். நொடிக்கு 200 பிட் வேகத்தில் இடைவிடாது அனுப்பப்படுவதால்தான் உங்கள் கோடு மெல்லியதாக இல்லாமல் 200 ஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தெரிகிறது. அந்த அகலம் முழுவதிலும் உள்ள ஆற்றலைக் கூட்டி, 5 நொடிக்கு ஒரு முறை ஓர் எண்ணாக எழுதிவைத்தால் போதும். ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருள் இதைச் செய்யும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சூப்பர்எஸ்ஐடி திட்டத்தின் மென்பொருளும் இதற்கென்றே எழுதப்பட்டது.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மிக அருகில் உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. அருகிலுள்ள நிலையத்தின் தரையலை ஓங்கி நிற்பதால் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பிய பங்கு அதில் அமுங்கிவிடும். சில ஆயிரம் கிலோமீட்டர் தொலைவும், பகல் வெளிச்சத்திலேயே நெடுநேரம் கிடக்கும் வழித்தடமும் சிறந்தவை. இந்தியாவின் விஜயநாராயணத்திலுள்ள 18.2, ஆஸ்திரேலியாவின் 19.8, ஹவாயின் 21.4, ஜப்பானின் எபினோவிலுள்ள 22.2, அமெரிக்காவின் ஜிம் கிரீக்கிலுள்ள 24.8 என்று உலகில் எந்த மூலையில் இருப்பவருக்கும் இரண்டு மூன்றாவது தேறும். இரண்டு நிலையங்களை ஒருசேரப் பதிவுசெய்தால் ஐயம் தீர்ப்பது எளிது.

வெடிப்பே இல்லாத நாளில் எப்படி இருக்கும் என்று முதலில் பழகிக்கொள்ளுங்கள். பகலில் அலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்திலும் இரவில் 90 கிலோமீட்டரை ஒட்டியும் திருப்பப்படுகிறது. விடியலிலும் அந்தியிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, வெவ்வேறு வழியில் வரும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஆழமான பள்ளங்கள் தோன்றும். அவை நாள்தோறும் ஏறக்குறைய அதே நேரத்தில் வருவதே அவற்றின் அடையாளம். இரவுப் பதிவு அமைதியின்றி அலையும். இரவில் வெடிப்பைத் தேட வேண்டாம், ஏனென்றால் அதை உண்டாக்கும் எக்ஸ் கதிர் இருண்ட பக்கத்துக்கு வருவதில்லை.

வெடிப்பு நிகழ்ந்தால் எக்ஸ் கதிர் ஒளியோடு சேர்ந்தே 8 நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்து வந்து சேர்ந்து, அயனிமண்டலத்தின் அடியைச் சில கிலோமீட்டர் கீழே இறக்கிக் கூர்மையாக்கிவிடும். பதிவில் சில நிமிடங்களில் செங்குத்தாக ஏறி, அரை மணி முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வரை மெல்லச் சரிந்து அடங்கும் வடிவம் தெரியும். சில வழித்தடங்களில் அதே நிகழ்வு ஏற்றமாக இல்லாமல் இறக்கமாகத் தெரிவதும் உண்டு. நேரத்தைக் குறித்துக்கொண்டு, அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்கள் வெளியிடும் எக்ஸ் கதிர் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வெடிப்புகளை வலிமை ஏறும் வரிசையில் சி, எம், எக்ஸ் என்று வகுப்பார்கள்; எம், எக்ஸ் வகுப்பு வெடிப்புகள் தவறாமல் தெரியும். நல்ல அமைப்பில் சி வகுப்பின் மேற்பாதியும் தெரியும். நிலையம் பராமரிப்புக்காக அணைக்கப்பட்டாலும் பதிவு மாறும், ஆனால் அப்போது கோடு ஒரே அளவீட்டில் இரைச்சல் மட்டத்துக்கு விழுந்து, அதே போல் ஒரே அளவீட்டில் மீளும்; மெல்லச் சரியும் வால் அதில் இராது.

செம்புச்சுருள்:

மிக்க நன்றி. ஒரே ஒரு கேள்வி: மௌனவெளி அவர்கள் சொன்னபடி வளையத்தை வீட்டிலிருந்து விலக்கி மொட்டை மாடியில் நிறுத்தினால், கேபிள் 20 மீட்டர் ஆகிறது. பெருக்கி சுருளின் அடியிலேயே இருப்பதால் தொல்லை வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மௌனவெளி:

நீளத்தால் தொல்லையில்லை, டிஎல்071-இன் வெளியீட்டுக்குத் தொடராக 100 ஓம் ஒன்று வைத்தால் கேபிளின் மின்தேக்குத்திறனால் பெருக்கி தானாக அலையத் தொடங்காது. கேபிளின் கணினி முனையில் 1-க்கு 1 ஒலி மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்துவிட்டால் தரையிணைப்பு வழியாக ஹம் மீண்டும் நுழைய வழியிராது. கம்பிக்கற்றையை மழைநீர் புகாதபடி பிவிசி குழாய்க்குள்ளோ, நாடா சுற்றியோ மூடுங்கள். உலோகக் குழாய்க்குள் வைப்பதானால் வளையத்தின் உச்சியில் ஓரிடத்தில் குழாயை வெட்டி இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் குழாயே குறுக்குச்சுற்றான ஒரு சுற்றாகிச் சுருளை ஊமையாக்கிவிடும். வளையம் தரையை விட்டு உயர்ந்திருப்பதால் கூடுதல் பயன் எதுவுமில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரோ கைப்பிடிச் சுவரின் இரும்போ அருகில் இருந்தால், தோட்டத்து மூலையில் தரையோடு தரையாக நிறுத்துவதே மேல். எங்கே வைத்தாலும் இடி மின்னல் நெருங்கும்போது கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அந்த நேரத்துப் பதிவு எப்படியும் மின்னலால் நிரம்பி ஒன்றுக்கும் உதவாது.